ஹெரால்டு வண்டியின் முன்சக்கரம்

இருபத்தாறு வருடமாக உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனிடம் வந்து, "வண்டிய நானே சரி பண்ணிக்கிறேனுங்க பாய்" என்று ஒரு டைப்ரைட்டிங் டீச்சர் சொன்னால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. பீர் முகம்மது கை வைத்த வண்டி என்றால் பொள்ளாச்சி வரைக்கும் பேர் உண்டு. அது 1999ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். நான் அந்த அம்மணியை ஏற இறங்கப் பார்த்தேன், "சரிங்க, பண்ணிக்குங்க" என்றேன். சொன்ன விதம் சரியில்லை என்று எனக்கே தெரியும்.

பேர் பொற்கொடி. அப்பா அவிநாசிப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். அம்மணி இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணி, துடியலூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கணவர் திருமூர்த்தி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் கிணற்றில் மோட்டார் இறக்கும்போது தவறி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, ஆனால் கை இரண்டும் அப்படியே இருந்தன. அந்தக் கம்பெனியில் அவர் அளவுக்குக் காயில் சுற்ற ஆள் கிடையாது. வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

அதற்காக நான்தான் பொள்ளாச்சியில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டே கதவு உள்ள வண்டி அது, அதனால் கதவு நன்றாக அகலம். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு பலகையைப் போட்டால் திருமூர்த்தி கையை ஊன்றித் தானே சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். "என்னைய யாரும் மூட்டையாட்டத் தூக்க வேண்டாமுங்க பாய்" என்று முதல்நாள் சொன்னார். நாலு வருடம் பொற்கொடி ஓட்ட, அவர் அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். வண்டி சர்வீசுக்கு என்னிடம்தான் வரும்.

ஆகஸ்ட் முதல் வாரம் கவுண்டம்பாளையத்தில் ஒரு திருப்பத்தில் இடது முன்சக்கரம் அப்படியே உள்பக்கம் மடங்கிவிட்டது. மெதுவாகப் போனதால் உயிர் தப்பியது. நான் போய்ப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும், அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்த மரையோடு சேர்ந்து தண்டு ஒடிந்திருந்தது. கம்பெனி முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் ஆர்டர் தேங்கிக் கிடந்தது. "செப்டம்பர் ஒண்ணாம் தேதி வரைக்கும் பாக்கறேன், அப்புறம் வேற ஆளைத்தான் போடோணும்" என்று சொல்லிவிட்டார். தினமும் டாக்சி வைத்தால் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது.

நான் உக்கடத்தில் ஒரு பழைய பார்ட்ஸ் கடையைக்கூட விடவில்லை. சென்னைக்குப் போகிற லாரிக்காரரிடம் சொல்லிப் புதுப்பேட்டையிலும் தேடச் சொன்னேன். அந்தத் தண்டு எங்கும் இல்லை. "வண்டிய எடைக்குப் போட்டுருங்க அம்மணி" என்று சொன்னபோதுதான் நானே சரி பண்ணிக்கிறேன் என்ற அந்தப் பேச்சு வந்தது. கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருப்பதாகப் பொற்கொடி சொன்னது.

"இங்கிலாந்துல இதே வண்டிய வேற பேருல இன்னும் ஓட்டறாங்களாமுங்க. பார்ட்ஸ் வாங்கி ஊட்லயே மாட்டிக்கறாங்க. அங்க இந்த வண்டிக்காரங்க சங்கத்துக்குக் கம்ப்யூட்டர்லயே ஒரு கடுதாசி எழுதிப் போட்டிருக்கேனுங்க. உடைஞ்சது எதுன்னு சரியாச் சொல்ல மட்டும் நீங்க ஒருக்கா வரோணும்."

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் எப்படிப் பார்ட்ஸ் வரும் என்று பார்த்துச் சிரிக்கலாமே என்று தோன்றியது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போனேன், கையில் தினசரித் தாளில் சுற்றிய ஒடிந்த தண்டோடு. உக்கடத்துப் பழக்கம் அது. எந்தக் கடையிலும் நாங்கள் பார்ட்ஸை வாயால் கேட்கமாட்டோம், பழையதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைப்போம். சாம்பிள் இல்லாமல் எவன் சரியான பொருளைக் கொடுப்பான்?

நான் தாளைப் பிரித்து அதைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்தேன். சென்டர்காரர் என்னையும் அந்தக் கறுத்த இரும்பையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பொற்கொடி மட்டும் சிரிக்கவில்லை.

"சாம்பிள் இருக்கறது நல்லதுதானுங்க" என்றது. பக்கத்தில் காகிதத்தைப் படம் பிடிக்கிற ஸ்கேனர் இருந்தது. அதன் கண்ணாடிமேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துத் தண்டைப் படுக்கவைத்து, மேலே தன் துப்பட்டாவைப் போட்டு மூடியது. "கண்ணாடி கீறிப்போயிருமுங்க" என்று சென்டர்காரர் பதறினார். "கீறாதுங்க, நான் பொறுப்பு." திரையில் தண்டு வந்தது. ஒவ்வொரு மரையும், மரைக்குள் படிந்திருந்த அழுக்கும்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கேள்விகளை முன்பே தாளில் எழுதி வைத்திருந்தது. விரல் கீபோர்டைப் பார்க்காமல் ஓடியது. ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்கிற இடத்தில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சிரிக்கப் போன நான் சும்மா திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டதென்று பொற்கொடி போன் பண்ணியது. இங்கிலாந்தில் ரிட்டயரான ஒருவர் எழுதியிருந்தாராம். புதுசு அங்கே கிடைக்கும், ஆனால் விமானக் கூலியும் கஸ்டம்ஸும் சேர்த்தால் நம் வண்டி விலையே வந்துவிடும். அந்த மனிதர் அதோடு விடவில்லை. அவர்கள் சங்கத்துக்கு எழுதுகிறவர்களில் பாலக்காட்டு டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் ஓடாத ஹெரால்டு ஒன்று நிற்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று விலாசம் கொடுத்திருந்தார். இங்கிருந்து பாலக்காடு ஒன்றரை மணி நேரம். அதைச் சொல்ல இங்கிலாந்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பொற்கொடி மறுநாளே பஸ் ஏறியது. சாயங்காலம் ஒயர் கூடையில் ஒரு தண்டும் பித்தளைக் கட்டையுமாக என் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றது. டாக்டர் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டாராம்.

நான் விடுவேனா? "இது எந்தப் பக்கத்துதுங்க அம்மணி?" என்று கேட்டேன். பெரிய மெக்கானிக்குகளே அதில் ஏமாந்திருக்கிறார்கள்.

"இடதுங்க. அந்தப் பக்கத்துக்கு மரை மாறி ஓடுமில்லீங்களா? அங்கயே சுத்திப் பாத்துத்தான் கழட்டுனேன்."

கழற்றினதும் இதுதானா என்று கேட்க வந்து வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டது. "ஒரு கிரீஸ் கன் வேணுங்க பாய். காலியா, உள்ள நல்லாக் கழுவுனதா." மூட்டுக்குள் கிரீஸைச் செலுத்துகிற கன் அது, அதைக் கழுவி எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்க" என்று போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கன்னை எடுத்துக்கொண்டு துடியலூர் போனேன். நான் இல்லாமல் சமாளிக்க முடியாது, கூப்பிடும், அப்போது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நினைப்பு. வாசலில் வண்டி தென்னங்கட்டைகள்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிரேக் ஹோஸ் குழாய் இழுபடாமல் பிரேக் பாகத்தைப் பழைய சேலைத் துண்டால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. கழற்றிய போல்ட்டுகள் ஓர் அட்டையில் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கிருந்து கழற்றியது என்று டைப் அடித்த சீட்டு. இருபத்தாறு வருடத்தில் என் ஒர்க்‌ஷாப்பில் ஒருநாளும் மீதி போல்ட் இல்லாமல் வேலை முடிந்ததில்லை. சொல்லிவிடுகிறேன், அந்த இடத்திலேயே எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

"நான் மாட்டித் தரட்டுங்களா?" என்றேன்.

"நீங்க பாத்துட்டே இருங்க பாய். தப்புன்னாச் சொல்லுங்க."

ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். திருமூர்த்தி நாற்காலியில் இருந்தபடி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அம்மணி தண்டைப் பித்தளைக் கட்டைக்குள் கடைசிவரை திருகி, ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்புகிற அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தியது. தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு என் கன்னை வாங்கி அதில் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலை ஊற்றியது.

"அதுல ஆயிலா? அங்க கிரீஸ்தானுங்க வெக்கோணும்" என்றேன்.

அம்மணி கை நின்றது. திருமூர்த்தி தரையைப் பார்த்தார். கார் சீட்டில் இங்கிலாந்துக் கடிதத்தின் பிரிண்ட் கிடந்தது. "படிங்க, கேக்கறேன்" என்றேன். தமிழில் சொல்லிக்கொண்டே போனது. தண்டு, மரை, பாலக்காட்டு விலாசம். நான் எட்டாவதோடு நின்றவன், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் GREASE என்ற எழுத்தைத் தினமும் டப்பாவில் பார்க்கிறவன். அந்தத் தாளில் அது மூன்று இடத்தில் இருந்தது. விரலை வைத்தேன்.

"இந்த எடத்தை உட்டுப்போட்டீங்களே அம்மணி."

தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தது. "இந்த மரைக்கு யாரோ கிரீஸ் வெச்சுட்டு வந்திருக்காங்க. படத்துலயே தெரியுது. இதுக்கு ஆயில் மட்டுந்தான். கிரீஸ் கெட்டியாகி அடிவரைக்கும் இறங்காது, மரை காய்ஞ்சு துருப்பிடிச்சு ஒருநாள் ஒடிஞ்சுபோகும். கிரீஸ் வெச்ச ஆளை இனிமேல் வண்டிகிட்ட விடாதீங்க."

அந்த ஆள் நான். நாலு வருடம், ஒவ்வொரு சர்வீசுக்கும், கணக்காகக் கிரீஸ் வைத்த கை இது. சாம்பிள் கொண்டுபோய்க் காட்டியதும் நான்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கவுண்டம்பாளையத் திருப்பத்தில் மெதுவாக இல்லாமல், மேட்டுப்பாளையம் மெயின் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒடிந்திருந்தால், வெளியே குதிக்கக்கூட முடியாத மனிதர் உள்ளே இருந்தார்.

"கடுதாசி எழுதுனவருக்கு உங்களைத் தெரியாதுங்க பாய்" என்றது பொற்கொடி.

"ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?"

"வண்டி மொதல்ல ஓடட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேனுங்க." பிறகு ஆயிலை உள்ளே செலுத்திக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டது. "உங்ககிட்ட வேற ஹெரால்டு வருதுங்களா?"

"ரெண்டு."

அம்மணி வண்டியின் மறுபக்கம் போனது. வலது பக்கத்துப் பழைய கிரீஸையும் கழுவி எடுத்து ஆயில் விட்டது.

ஒன்று அவிநாசியில் ஒரு பஞ்சு வியாபாரி வண்டி. இன்னொன்று ஆர்.எஸ்.புரம் வக்கீல் நஞ்சுண்டன் வண்டி. கிரீஸ் விஷயத்தை அவர்களிடம் சொல்லத் திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தேன், போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பீர் முகம்மதுவுக்கே தெரியவில்லையாம் என்று ஊர் பேசுமே என்ற கூச்சம்தான்.

புதன்கிழமை, முதலாளி கெடு வைத்த ஒண்ணாம் தேதி. காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு துடியலூர் போய், ஹெரால்டுக்குப் பின்னாலேயே பெரியநாயக்கன்பாளையம் வரை போனேன். கண் முழுக்க முன்சக்கரத்தில்தான். ஒரு குழியில்கூட அது ஆடவில்லை. கம்பெனி கேட்டில் பொற்கொடி நாற்காலியை இறக்கிப் பலகையைப் போட்டது. திருமூர்த்தி கையை ஊன்றி நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் அவரைத் தூக்கவில்லை. நான் டிவிஎஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"சக்கரம் ஒடிஞ்சது என்னாலதானுங்க" என்றேன் அவரிடம்.

"தெரியுமுங்க பாய். கடுதாசி வந்த அன்னிக்கே அம்மணி சொல்லிருச்சு. ரெண்டு நாள் உங்க மேல கோவமா இருந்தேன். அப்புறம், வண்டிய தேடிக் குடுத்ததும் நீங்கதானேன்னு நெனச்சேன்." சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "மத்த ரெண்டு பேர்த்துக்கும் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

சங்கு ஊதியது. அவர் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நான் டிவிஎஸ்ஸைத் திருப்பினேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் வக்கீல் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது மணி எட்டே முக்கால். அவர் ஹெரால்டைக் கேட்டுக்கு வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பிள்ளைகள். டிவிஎஸ்ஸைக் குறுக்கே போட்டு நிறுத்தினேன்.

"ஏனுங்க பாய், என்ன ஆச்சு?" என்று வக்கீல் தலையை வெளியே நீட்டினார்.

"பிள்ளைகளை இறக்கி உடுங்க சார்" என்றேன். "இந்தச் சக்கரத்துக்கு இத்தனை வருசமா நான் தப்பாச் செஞ்சுபோட்டேன்."