வலி ஸீரோ என்றார் கன்னையா

கிள்ளான் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கன்னையாவுக்கு வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்த மறுநாள், தாதி வந்து, "வலி எவ்வளவு அங்கிள்? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றாள்.

"ஸீரோ" என்றார் கன்னையா. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

காரணம், கைப்பேசியில் வந்த ஒரு செய்தி. மார்ஃபின் என்கிற வலி மருந்தைப் போட்டால் எதிர்ப்பு சக்தி படுத்துவிடும், கிருமி குடியேறிவிடும் என்று எழுதியிருந்தது. அதனால், கொடுத்த வலி மருந்தையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இருமவில்லை, புரளவில்லை, மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

மாலையில் அவர் மனைவி சீதாலெட்சுமி வந்தாள். அவருக்குப் பதிலாகப் பேருந்து ஓட்டும் முகுந்தன், வழி தவறிப் பிள்ளைகளை மீன் பாசாரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டானாம். "ஒரு பொண்ணு இறங்கிப் போயி, மீன்காரர டீச்சர்னு நெனச்சி குட்மார்னிங் சொல்லியிருக்கு லா."

கன்னையாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு தையலைப் பிடித்து இழுத்தது. அவர் போட்ட அலறலில் எதிர்க்கட்டில்காரர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போட்டார்.

மதுரையிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் டாக்டர் நஸ்ரின் ஓடிவந்தார். அவர் கேட்ட கேள்வியில் விஷயம் வெளியே வந்தது.

"நீங்க படிச்சது முழுப் பொய் இல்ல அங்கிள். மார்ஃபின் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம்னு ஆய்வுல பாத்திருக்காங்க. நோயாளிக்கு அது எவ்வளவு கெடுதல்னு இன்னும் தெளிவாத் தெரியல. ஆனா வலியைத் தாங்கிக்கிட்டுக் கிடந்தாலும் உடம்பு பதறிப்போயி அதே சக்தியத்தான் அடக்கும். இருமாமக் கிடந்தா நெஞ்சுல சளி வேற கட்டும்."

"அப்ப ரெண்டு பக்கமும் அடியா டாக்டர்?"

"அதான் கலந்து குடுக்கறோம். பாராசிட்டமால், காயத்துப் பக்கம் மரத்துப்போக ஓர் ஊசி. மார்ஃபின் தேவைப்பட்டா மட்டும், கொஞ்சூண்டு."

"யோசிச்சிச் சொல்றேன்."

"யோசிங்க. ஒரு தடவ இருமிட்டு யோசிங்க."

கன்னையா இருமிப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "ஊசி எங்க?" என்றார்.

அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, ஆழமாக நாலு மூச்சு விட்டார். பிறகு அப்படியே தூங்கிப்போனார். செராஸிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் ஐந்து பேரும் அவர் குறட்டையைச் சுற்றி உட்கார்ந்து, கொண்டுவந்த ஆப்பிளைத் தாங்களே வெட்டித் தின்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.