மாடி அறைக்கு ஒரு பெட்டி

என் வீட்டுக்காரருக்கு ஊரில் நல்ல பெயர். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் நல்ல பெயர் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கண்ணாடி அலமாரியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், எடுத்த பெயரெல்லாம் அதோடு போச்சு. இவர் கையில் அப்படி எதுவும் விழுந்ததில்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்கும், சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். எங்கள் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மனுஷன் தொழிலில் மட்டும் இப்படிக் கடிகாரமாக இருப்பது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு போன், நான். அதுதான் எங்கள் அலுவலகம். யார் வீட்டுச் சாமான் என்றைக்கு எங்கே போகிறது என்று பேசி முடிப்பது என் வேலை. மற்றதெல்லாம் அவர் பாடு, அவருடைய ஆட்கள் பாடு.

எங்கள் ஊர் பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தோதான ஊர். படித்து முடித்த பிள்ளைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிற ஊர். கல்லூரியில் பட்டம் கொடுத்து முடித்த கையோடு எங்கள் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். பல் டாக்டர் மகன் தலைநகரத்துக்கு, கணக்கு வாத்தியார் மகள் தலைநகரத்துக்கு. வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போவார், காலியாகத் திரும்புவார். அங்கேயிருந்து இங்கே குடிவர யார் இருக்கிறார்கள்? வரும் வழியெல்லாம் தார்ப்பாய் வெறும் வண்டியில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

போனில் அம்மாக்கள் என்னிடம்தான் புலம்புவார்கள். ஏன் போகிறான் என்றால் முதலில் சம்பளம் என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் உண்மை வெளியே வரும். பல் டாக்டர் மகன் கணினி படித்துவிட்டு, துணிக்கடையில் பில் போடுகிற மெஷின் நின்றுபோனால் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாத்தியார் மகள் மருந்து எப்படி உண்டாக்குவது என்று படித்துவிட்டு, கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் குறைச்சல் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. படித்தது துருப்பிடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

சாமான் ஏறும்போது எந்த அம்மாவாவது அழுதால், இவரிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். “பிள்ளைங்க என்ன சாமானாம்மா, கட்டி வைக்கிறதுக்கு? சிரிச்ச முகமா அனுப்பி வைங்க.” அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்பாள். வண்டி நேரத்துக்குக் கிளம்பும். இவர் அதை எத்தனை வாசலில் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வசனத்துக்கு எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே சோதனை வந்தது.

மாடி அறை எங்கள் மகளுடையது. ஒரே மகள், கட்டுமானப் பொறியியல் படித்தவள், சரியான பாலப் பைத்தியம். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை அடுக்கிப் பாலம் கட்டி வைத்துக்கொண்டு, எடுத்தால் இடிந்துவிடும் என்று எங்களைச் சாப்பிட விடமாட்டாள். படித்து முடித்ததும் உள்ளூரிலேயே ஒரு கட்டட அலுவலகத்தில் சேர்ந்தாள். முதலாளி தங்கமான மனுஷர். ஆனால் அவளுக்கு மேலே இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதில் முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் இவளிடம் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போடுவான். இவளுக்கு ஒரு சந்தேகம் என்றால் கேட்க அங்கே ஆளில்லை. சுற்றுச்சுவர், கார் நிறுத்துகிற கொட்டகை, மறுபடியும் சுற்றுச்சுவர் என்று வரைந்துகொண்டிருந்தாள்.

போன வருஷம் ஊருக்குள் ஓடும் ஆற்றின் மேல் புதுப் பாலம் ஒன்று வந்தது. இவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், வரைபடம் முழுக்கத் தலைநகரத்தில் உள்ள ஒரு நிறுவனத்தில் போட்டாகிவிட்டது. இவள் அலுவலகத்துக்குக் கிடைத்தது, பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்கு வர்ணம் பூசுகிற வேலை. எந்தப் பச்சை என்று அட்டையை வைத்துப் பார்க்க இவளை அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் நேரே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு எங்களுக்குத் தெரியாமல் அந்த நிறுவனத்துக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்து நிற்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவரிடம் சொன்னபோது அவர் வண்டிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன், நம்ம ஊர்ல பாலமே கட்டலையா?”

“கட்டினாங்கப்பா. நாங்க கம்பிக்குப் பச்சை அடிச்சோம்.”

அவர் மறுபடியும் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். “ஊர்ப் பிள்ளைங்க எல்லாரையும் நீங்கதானேப்பா கொண்டுபோய் விட்டீங்க. என்னையும் நீங்கதான் விடணும். நம்ம வண்டியில இல்லேன்னா நான் போகலை.”

பாசத்தில்தான் சொன்னாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் மறுக்க வேண்டியதே இல்லை, வண்டியை எடுக்காமல் இருந்தாலே போதும் என்று இவளே சொல்லிக் கொடுத்துவிட்டாளே.

அப்படியேதான் நடந்தது. திடீரென்று வண்டியின் பிரேக் சரியில்லை என்று பட்டறைக்குப் போனது. பட்டறையிலிருந்து வந்ததும் ஒல்லிக்கு முதுகு வலி என்றார். ஒல்லி எங்களிடம் ரொம்ப நாளாகச் சாமான் ஏற்றுகிறவன். பெயர்தான் ஒல்லி, ஆளைப் பார்த்தால் அலமாரியே ஒதுங்கி வழிவிடும். அவன் அன்று காலைதான் எங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒருவருடைய பைக்கைத் தனியாகத் தூக்கி நகர்த்தி வைத்திருந்தான். இது போதாதென்று, எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியமாக, மாடி அறைக்குப் பெரிய ஜன்னல் வைக்கத் தச்சரைக் கூட்டிவந்தார். வெளிச்சம் நன்றாக வந்தால் வரைவதற்குச் சௌகரியமாக இருக்குமாம். போகப் போகிறவளுக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் என்ன கல்மனசா? அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜன்னல் வேலை நடக்கட்டும், திங்கட்கிழமை தானாகப் போய்விடும் என்று எனக்கும் ஒரு மூலையில் தோன்றத்தான் செய்தது. ஆனால் சனிக்கிழமை காலை மாடிக்குப் போனபோது, அவள் பாதி அடுக்கிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரவாயில்லைம்மா. அப்பாவுக்கு மனசு வரலை. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள்.

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பேன். அந்தப் ‘பரவாயில்லை’ என்னால் தாங்க முடியவில்லை. பில் போடும் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்த பையனின் அம்மா போனில் சொன்னதும் அதே வார்த்தைதான்: என் பிள்ளை எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்கிறானே, கேட்கவே பயமாக இருக்கிறதே என்று. நான் கீழே வந்து போனை எடுத்துக் கொட்டிக்கு அடித்தேன்.

கொட்டி என்பது அடுத்த தெருவில் எங்களுக்குப் போட்டியாக வண்டி வைத்திருக்கிறவன். சாமானை இறக்கமாட்டான், கொட்டுவான் என்று இவர் வைத்த பெயர். போன் வைத்த சூட்டோடு வந்து நின்றான். இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, மாடிக்குப் போகிறவனைப் பார்க்காத மாதிரி பார்த்தார். என்னோடு மேலே வந்த கொட்டி கட்டிலைத் தட்டினான், அலமாரியை ஆட்டினான். மகளுடைய வரைபலகையைப் பார்த்து, இதை அடியில் படுக்கப்போட்டு மேலே மெத்தை, அதற்கு மேலே அலமாரி என்று வைத்துவிடலாம், இடம் மிச்சம் என்றான்.

பேப்பர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. படி ஏறிய வேகத்தில் இவருக்கு மூச்சு வாங்கியது. வரைபலகையைப் படுக்கப்போட்டு அலமாரியை ஏற்றினால் பலகை வளைந்துவிடும், வளைந்த பலகையில் பாலமா வரைவாள், கோணல் பந்தலா வரைவாள் என்று கொட்டியைப் பிடிபிடியென்று பிடித்தார். அவனும் தொழில் தெரிந்தவன்தான், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சரி அண்ணே, நீங்களே பாருங்க என்று இறங்கிப் போய்விட்டான்.

இவர் பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் விடவில்லை.

“பிள்ளைங்க என்ன சாமானா, கட்டி வைக்கிறதுக்கு?”

“இது என் பிள்ளைடி.”

“எல்லாம் யாரோ பெத்த பிள்ளைங்கதாங்க.”

பலகையை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒல்லியின் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். நல்லாத்தான் இருக்கு என்றேன்.

சாமான் கட்டுவதில் இவருக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, முதல் நாள் பெட்டி. புது வீட்டில் முதல் நாள் தேவைப்படுகிற படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு, மாற்றுத் துணி, செருப்பு எல்லாம் அந்த ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். வேறு எதையும் பிரிக்காமல் குளித்துவிட்டுப் படுக்கலாம். இன்னொன்று, பெட்டியின் மேல் அது எங்கே போகிறதோ அந்த இடத்தைத்தான் எழுத வேண்டும், எங்கேயிருந்து வந்தது என்று எழுதவே கூடாது. போகிற இடத்தில் ஆட்கள் யாரையும் கேட்காமல், எழுதியிருக்கிறபடி கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மாற்றி எழுதுகிறவனுக்கு அன்றைக்கு நல்ல பாட்டு கிடைக்கும். மகளுடைய சாமானை ஒருவரையும் தொட விடாமல் அவரே கட்டினார், அவரே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அவள் எடுத்திருந்தது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் பின்பக்கம் ஒரே ஒரு அறை. வீட்டுக்கார அம்மா மாடியில் குடியிருந்தார். இவர் போனதும் போகாததுமாகக் குழாயைத் திறந்து பார்த்தார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். ஒல்லியும் ஆட்களும் சாமான் இறக்க, மகளும் நானும் தரையைக் கூட்டினோம். வெகு நேரமாகியும் ஒரு பெட்டிகூட உள்ளே வரவில்லை. என்னடா இது என்று வெளியே வந்து பார்த்தால், மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா தூக்கக் கலக்கத்தோடு நின்று, என் கூடத்தில் இருப்பது யாருடைய மெத்தை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்டில், மெத்தை, பெட்டிகள், எல்லாம் மேலே. வரைபலகைகூட அவருடைய சோபாவில் சாய்ந்து நின்றது.

அறிவிருக்கா என்று ஒல்லி மேல் பாய்ந்தேன். அவன் தோளில் இருந்த பெட்டியை இறக்கி என் பக்கம் திருப்பினான்.

“எழுதியிருக்கிற இடத்துலதானே அண்ணி வெச்சோம்?”

மாடி அறை என்று எழுதியிருந்தது. அடுத்ததைப் பார்த்தேன், மாடி அறை. கட்டில் காலில் ஒட்டிய சீட்டிலும் மாடி அறை. ஒன்றுவிடாமல், அவருடைய அழகான கையெழுத்தில், எங்கள் வீட்டு மாடி அறை.

இவர் பின்னாலேயே வந்து அதைப் படித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியில்கூட மாற்றி எழுதாத மனுஷன். “கை தானா எழுதிடுச்சு பாப்பா” என்றார். நடு வாசலில், ஒல்லிக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் முன்னால் நின்று அழுதார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் வீட்டுக்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் இறக்கி, அடித்துத் திருத்தி எழுதி, அவளுடைய அறைக்குள் வைத்து முடித்தோம். ஒரு பெட்டி மட்டும் வெளியே நின்றது, புத்தகம் வந்த பெட்டி, காலி. அதில் மகள் ஒரு படுக்கை விரிப்பை மடித்து வைத்தாள். துண்டு வைத்தாள், சோப்பு வைத்தாள், வீட்டில் போடுகிற பழைய உடுப்பையும் செருப்பையும் வைத்தாள். ஒல்லி பேனாவோடு அதையும் திருத்த வந்தான்.

“அதை விடுங்கண்ணே, சரியாத்தான் எழுதியிருக்கு. வண்டியில ஏத்துங்க.” பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “நான் வீட்டுக்கு வர்ற முதல் நாளுக்கு வேணும்லப்பா.”

திரும்பும்போது அந்த ஒரு பெட்டிக்கு இவர் கட்டிய கயிறு இருக்கிறதே, பீரோவுக்குக்கூட அப்படிக் கட்டமாட்டார். அதற்கு மேலே தார்ப்பாயை மூடி இறுக்கியதில் வழி முழுக்கச் சத்தமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தானே மாடிக்குத் தூக்கிப் போய், புது ஜன்னலுக்குக் கீழே வைத்தார். கம்பியில்லாமல் நின்ற ஜன்னலை முடிக்கச் சொல்லி மறுநாள் தச்சரைத் திரும்பக் கூப்பிட்டார். நானும் எதற்கு என்று கேட்கவில்லை.

அந்த வாரமே மருந்துக்கடைக்காரர் மகன் கிளம்பினான். சாமான் ஏறி முடிந்தது, அவன் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். மிச்சத்தொகை வாங்க நானும் போயிருந்தேன். வசனம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். இவர் வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

“நல்லா அழுதுக்கோங்கம்மா. வண்டி நிக்கும்” என்றார்.

அன்றைக்கு வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.