அக்காள் கத்தும் காட்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொன்னேரியில் மூன்றே நாள் ஓடிய ஒரு பழிவாங்கும் படத்துக்கு வசனம் எழுதியவன் நான். கதாநாயகி ஐந்து பேரைக் குத்துவாள். ஐந்து பேருக்கும் ஒரே கத்தி, அதில் மூன்று பேருக்கு ஒரே சட்டை. அவ்வளவுதான் எங்கள் வசதி. அந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஜமுனா. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவுகிறவள்.

2

அன்று ஏரி அமைதியாக

(வேண்டாம். அமைதியான ஏரியைப் படத்திலேயே ஏழு முறை காட்டியாயிற்று.)

நடந்தது இது. ஜமுனாவும் தங்கை முத்தம்மாளும் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேண்டிய வேலை. அதனால் இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். தங்கையின் முதுகுப் பக்கம் இன்ஜின் படகு வருவதை ஜமுனா பார்த்தாள். கையில் ஒரு இறால் சிக்கியிருந்தது. அதைப் பறியில் போட்டுவிட்டுக் கத்தலாம், அதற்குள் படகும் திரும்பிவிடும் என்று நினைத்தாள். படகு திரும்பவில்லை.

ஓட்டிவந்த மணிகண்டன்தான் முத்தம்மாளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினான். அவள் பிழைக்கவில்லை. அவன்மேல் ஜமுனாவுக்குக் கோபமில்லை. "யாரப் பழிவாங்கறது? என்னயத்தான் பழிவாங்கணும்" என்றாள்.

3

[தயாரிப்பாளர் தினகரன் இதை நம்பவில்லை. ஒரு இறாலுக்காகவா ஒருத்தி சும்மா இருப்பாள் என்றார். ஐந்து வில்லன்களை நம்பினார்.]

கதை சொன்னதற்கு அவள் கேட்டது ஒன்றுதான்.

"சினிமாலயாவது அக்காகாரி கத்தட்டும் சார்."

சரி என்றேன். எழுதவில்லை. அக்காள் கத்தினால் தங்கை விலகிவிடுவாள். தங்கை பிழைத்தால் பழி ஏது, படம் ஏது?

4

முதல் காட்சிக்கு ஜமுனா வந்திருந்தாள். பத்தாவது நிமிடத்தில் தங்கை செத்துப்போனாள். பாதிப் பேர் எழுந்து போன பிறகும் ஜமுனா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள், அக்காள் கத்தும் காட்சி பின்னால் வருமென்று. வெளியே வந்ததும் என்னைத் தேடிவந்தாள்.

"வெட்டிட்டாங்களா சார்?"

ஆமாம் என்றேன். எழுதவே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

இந்தக் கதைக்குத் தயாரிப்பாளர் கிடையாது. எனவே முடிவு ஒன்று: ஜமுனா பறியைத் துப்பிவிட்டு, "முத்தூ, பின்னால

இல்லை. யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால், கத்துவது இவ்வளவு லேசான காரியமா என்று உடைந்துபோவாள். முடிவு இரண்டு: நடந்தது நடந்தபடியே. அதற்கு அவள் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். முத்தம்மாள் குனிந்திருக்கிறாள். படகு இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் வருகிறது. ஜமுனாவின் பல்லில் பறி.

உங்கள் வாயில் ஒன்றும் இல்லையே.