ஐந்தாம் எண் போர்ட்

மதர்போர்டில் சிப்செட் என்று ஒரு சில்லு உண்டு. ஹார்டு டிஸ்கில் எழுதுவதும் எடுப்பதும் அதன் வழியாகத்தான். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் விற்கும் ஜெரின் சிபாரிசு செய்த சிப்செட் குடும்பத்தில் மூன்று உருப்படிகள். மூத்ததற்குத் தங்க நிற மூடி. அடுத்ததற்கு நீலம். கடைசிக்கு மூடியே இல்லை. மூடியைக் கழற்றினால் மூன்றும் ஒன்று. நோயும் ஒன்று. டிஸ்க் செருக ஆறு போர்ட்டுகள். 0, 1 இரண்டும் உழைக்கும். 2 முதல் 5 வரை சூட்டில் தளர்ந்து, எழுதியதைச் சிதைக்கும். கம்பெனி இதை மறைக்கவில்லை. "நாளடைவில் செயல்திறன் மாறுபடலாம்" என்று இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

சடையாண்டியின் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஜெரின் தங்க மூடியைத்தான் விற்றான். படங்கள் ஏறும் டிஸ்க்கை 0-இலும் அதன் நகல் டிஸ்க்கை 1-இலும் செருகினான். மற்ற நான்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆயுத பூஜையன்று சடையாண்டி கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி துடைத்தார். தங்க மூடிக்குச் சந்தனம் வைத்தார். அப்போதுதான் கவனித்தார். மொத்தத் தொழிலும் சைபரில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டுமென்று கடைப் பெயரில் ஓர் எழுத்தை இரட்டிப்பாக்கியவர் அவர். டிஸ்க்கை 5-க்கு மாற்றினார். நகலை, தன் பிறந்த தேதியான 3-க்கு.

தை மாதம் நத்தத்துப் பானுப்ரியா, கார்த்திகையில் நடந்த தன் கல்யாணத்தின் ஆல்பம் கேட்டு வந்தாள். டிஸ்க் திறக்கவில்லை. நகலும் திறக்கவில்லை. கேமரா கார்டுகளில் வேறு கல்யாணங்கள் ஏறியிருந்தன.

ஜெரின் வந்து பெட்டியைத் திறந்தான்.

"யாருண்ணே மாத்துனது?"

"சைபர்ல வச்சா தொழில் எப்பிடிப்பா வெளங்கும்?"

"இதுல சைபரும் ஒண்ணும் மட்டுந்தாண்ணே வெளங்கும்!"

"அதை விக்கிறப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வாங்கிருப்பீங்களா?"

"ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்கங்க," என்றாள் பானுப்ரியா. "எம் படம் எங்க?"

ட்ரோன் கார்டு மட்டும் அழிக்கப்படாமல் இருந்தது. சடையாண்டி அதைத் திரையில் ஓட்டினார். மண்டபத்தின் தகரக் கூரை. வரிசையாக வேன்கள். எச்சில் இலையருகே ஒரு நாய், தெளிவாக.

"நான் எங்கண்ணே?"

"இந்தத் தகரத்துக்குக் கீழதாம்மா இருக்கே."

அவள் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"அவரை மறுபடி மாலை போட்டு நிக்கச் சொல்லிட்டேன். சொந்தபந்தம் அம்புட்டும் வரும். மண்டபம் நீங்க பிடிக்கிறீங்க. சாப்பாடு இந்தக் கம்ப்யூட்டர்க்காரரு போடுறாரு."

ஜெரின் வாசலைப் பார்த்தான். சடையாண்டி காலண்டரைப் பார்த்தார்.

"அஞ்சாந்தேதி வச்சுக்குவோமா, தங்கச்சி?"