கடலுக்குப் புதன்கிழமை விடுப்பு

நகராட்சியின் ஆணைப்படி கடல் தன் முதல் வார விடுப்பை எடுத்துக்கொண்டது ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு. அன்று எலுமிச்சை விலை சற்று ஏறியிருந்தது, கரையோர விடுதிகளில் ஓர் அறைகூடக் காலியில்லை, வெயில் வழக்கம்போல அடித்தது. தண்ணீர் முதலில் பத்தடி பின்வாங்கியது. பிறகு பாயை விட்டு எழுந்திருக்கிற ஆளைப்போல மொத்தமாக எழுந்து, கடைத்தெருப் பக்கம் வராமல், குப்பை லாரிகள் போகிற பின்சாலை வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போய்விட்டது. அது கிடந்த இடத்தில் ஈரமணலும், சாய்ந்து நின்ற ஏழு படகுகளும், நாற்பத்து மூன்று மூக்குக்கண்ணாடிகளும், இரண்டு பல்செட்டுகளும், பெரிய விடுதி ஒன்றில் நான்கு வருஷத்துக்கு முன் காணாமல்போன குளியல்தொட்டியும் இருந்தன. தொட்டி எப்படிப் போனது என்று விடுதிக்காரர்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

இந்த விடுப்பைக் கேட்டவர் வேறொருவர். கரையில் உயரமான மரநாற்காலியில் உட்கார்ந்து, குளிக்கிறவர்கள் ஆழத்துக்குப் போனால் ஊதி எச்சரிப்பவர். அதையும் மீறிப் போனால் குதித்து இழுத்து வருபவர். ஊரில் அவருக்கு விசில்காரர் என்று பெயர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, வாரத்துக்கு ஏழு நாள், பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார். மாற்று ஆள் இருந்தால்தான் விடுப்பு, மாற்று ஆளுக்கு இன்னும் பணியிடம் உருவாகவில்லை என்று ஆண்டுதோறும் ஒரே பதில் வரும். ஆண்டுதோறும் அவரும் சளைக்காமல் எழுதிப்போட்டார். படிவத்தில் முதல் வரியில் தன் பெயர், கடைசி வரியில் பணிபுரியும் இடம்: கடல்.

நகராட்சியின் பெரிய கிளார்க்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. சீசன் நேரத்தில் உல்லாசப் பயணிகளின் புகார்கள் மலையாகக் குவியும். காக்கை கத்துகிறது, மணல் சுடுகிறது, கடல் உப்பாக இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில்தான் சொல்லுவார்கள். அதனால் பெரிய கிளார்க் எந்தக் காகிதமானாலும் கடைசி வரியை மட்டும் படிக்கப் பழகியிருந்தார். அந்த வருஷம் அவருக்குப் பேரன் பிறந்த சந்தோஷம் வேறு. வந்த விடுப்பு விண்ணப்பத்தின் கடைசி வரியைப் பார்த்து, கடலுக்கு வாரம் ஒரு நாள், புதன்கிழமை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை விடுப்பு அளித்துக் கையெழுத்துப் போட்டார். ஆணையின் நகலைக் கரையில் ஒரு கம்பத்தில் ஒட்டினார்கள். நகராட்சி ஒட்டுகிற அறிவிப்பை அந்த ஊரில் அதுவரை யாரும் படித்ததில்லை. கடல் படித்தது.

மதியச் சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம். அதில் ஓட்டமும் நடையுமாக விசில்காரர் அலுவலகத்துக்குப் போனார்.

"தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கறேன்," என்றார் பெரிய கிளார்க். "ஆனா கையெழுத்துப் போட்டாச்சே."

"ரத்து பண்ணுங்க சார்."

"லீவு வாங்கினவங்களே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாத்தான் ரத்து பண்ணலாம். கடல்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, இப்பவே பண்ணித் தரேன்."

"சரி, புதன்கிழமை நானாவது வராம இருக்கலாமா? கடலே இல்லையே சார்."

"லீவு கடலுக்கு. உங்களுக்கு எங்க லீவு?"

ஆகவே புதன்கிழமைகளில் விசில்காரர் வெறும் மணலைக் காவல் காத்தார். பயணிகள் முதல் வாரம் கூச்சல் போட்டார்கள். கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் வாடகை கொடுத்த ஒருவரிடம் விடுதி மேலாளர், ஜன்னல் அதேதான், கடல்தான் வரவில்லை என்று விளக்கினார். இரண்டாவது வாரம் எல்லோரும் கடலின் தரையில் குடைபிடித்து நடக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் அதற்கென்றே கூட்டம் வந்தது. யாராவது ரொம்ப தூரம் நடந்தால் விசில்காரர் பழக்க தோஷத்தில் ஊதுவார், அவர்களும் பழக்க தோஷத்தில் திரும்பிவிடுவார்கள். கடல் எங்கே போகிறது என்பதும் மெல்லத் தெரிந்தது. ஒரு வாரம் கைவிடப்பட்ட கல்குவாரியில் கிடந்ததை லாரி ஓட்டுநர் ஒருவர் பார்த்தார். இன்னொரு வாரம் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குக்குப் பின்னால், மரநிழலில். ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும், ஆறு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்துவிடும். விடுமுறைக்கு வருகிறவர்களைப் போலவே, கிளம்பும்போது குப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போகும். சிப்பியும் பாசியும் அள்ளி மாளவில்லை என்று பெட்ரோல் பங்கு முதலாளி வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

விசில்காரருக்கு இதையெல்லாம் ரசிக்கிற நிலைமை இல்லை. அவருக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். அந்தக் கல்யாணமே ஒரு மதிய இடைவேளையில், நாற்காலிக்குக் கீழே நடந்தது. பெண்ணின் அக்காள் குடும்பம் மூன்று மணி நேர பஸ் தூரத்தில், கடலைப் பார்த்தே இராத ஊரில் இருந்தது. அந்த வாரம் அங்கே எல்லோருக்கும் அம்மை போட்டிருந்ததால் ஒருவரும் வரவில்லை. அதன்பிறகு அங்கே நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மனைவி தனியாகத்தான் போய்வந்தாள். விடுதிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் துண்டு மடிக்கிறவள், துண்டைப் போலவே வாயையும் மடித்து வைத்துக்கொண்டு போய், மடித்த வாயோடு திரும்புவாள். ஒருமுறை அவர் போட்டோவைக் கொண்டுபோனாள். வெயிலுக்கு எதிராக எடுத்த படம், உயரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. குடை நல்லா இருக்கு என்றாள் அக்காள். நாளாவட்டத்தில் அந்த ஊரில், பாவம், தங்கைக்குக் கல்யாணமே ஆகவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு புருஷனைக் கதையாகக் கட்டிவிட்டிருக்கிறாள் என்று பேச்சு நிலைத்துவிட்டது. நல்ல மனசோடு அவர்கள் ஒரு மளிகைக்கடைக்காரரை அவளுக்குப் பார்த்தும் வைத்தார்கள்.

இந்த நிலைமையில் அக்காள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, புதன்கிழமை. மளிகைக்கடைக்காரர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். மனைவி அழவில்லை, சத்தம் போடவில்லை. சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"பத்து வருஷமா நீங்க இருக்கீங்கன்னு நான் ஒருத்திதான் சொல்லிட்டிருக்கேன். எனக்கும் வாய் வலிக்குது. இந்தத் தடவையும் வரலைன்னா, நீங்க இல்லைன்னு நானும் முடிவு பண்ணிடுவேன்."

விசில்காரர் தட்டை நகர்த்தி வைத்தார். அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லையென்று முடிவு செய்துவிட்ட பழைய பீரோ ஒன்று வீட்டிலேயே இருந்தது; ஏழு வருஷமாக அதை அவள் பார்த்ததே இல்லை. அவர் நான்கு முறை அலுவலகத்துக்கு நடந்தார். நான்கு முறையும் மாற்று ஆள் என்ற பேச்சே வந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை மாலை, ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பதினோரு வருஷமாக அவர் புலம்பலைக் கேட்க அங்கே வேறு யாரும் இருந்ததில்லை, அதனால் அவர் கடலைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்குப் பேச்சில் எரிச்சல் ஏறியிருந்தது.

"உனக்கென்னப்பா, ராஜா. உனக்கு லீவு. கல்குவாரியில போய்ப் படுத்துக்கறே. எனக்குப் பொண்டாட்டி போகப்போறா." அழுகையை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அந்தக் கல்யாணத்துக்கு நீயாவது போயிட்டு வாயேன்."

ஊர்ப்பெயரையும் மண்டபத்தின் பெயரையும்கூடச் சொன்னார். கோபத்தில் சொன்னதுதான்.

புதன்கிழமை விடியற்காலை மனைவி திரும்பிப் பார்க்காமல் முதல் பஸ் ஏறினாள். ஆறு மணிக்குக் கடல் கிளம்பியது. ஒன்பதரைக்கு நகராட்சி அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது.

"உங்க கடல் இங்க வந்திருக்குங்க. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி. கல்யாணத்துக்கு வந்தவங்க பாதிப் பேர் உள்ள இறங்கிட்டாங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு!"

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய கிளார்க் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார். விசில்காரரின் பணி ஆணை அது. கடல் இருக்கும் இடத்தில் இவர் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது, எந்த ஊர் என்று இல்லை. பத்து நிமிஷத்தில் நாற்காலியைக் குப்பை லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். நாற்காலியை விட்டு இறங்க அனுமதி இல்லாததால் விசில்காரர் அதன்மேலேயே உட்கார்ந்தபடி, சிவப்பு அரைக்கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக மூன்று மணி நேரம் பயணம் செய்தார். மரக்கிளைகள் வரும்போது மட்டும் குனிந்துகொண்டார்.

மண்டபத்தின் பின்பக்கம் கடல் நீட்டிப் படுத்திருந்தது. அக்காள் கையில் கரண்டியோடு வெளியே வந்து, வந்து நின்ற நாற்காலியை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கதான் தங்கச்சி வீட்டுக்காரரா?"

"ஆமாங்க அண்ணி."

"இறங்கி வாங்க, சாப்பிடலாம்."

"சாப்பாட்டு இடைவேளை லாரியிலயே போயிடுச்சு. ஆறு மணி வரைக்கும் இறங்கக்கூடாதுங்க அண்ணி."

அக்காள் அந்தக் கணமே நம்பிவிட்டாள். கட்டுக்கதையாக இருந்தால் தங்கை இதைவிட நல்ல ஆளாகக் கட்டியிருப்பாள். சகலை மட்டும் இவர் வாடகைக்குப் பிடித்த ஆளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அந்த நேரம் பார்த்து, புதுச் சட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மளிகைக்கடைக்காரர் யாருக்கோ கையாட்டினார். அடுத்த அலையில் அந்தக் கை மட்டும் தெரிந்தது. கடலில் குதிப்பதற்காக நாற்காலியை விட்டு இறங்க விதி அனுமதிக்கிறது. விசில்காரர் குதித்தார், தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டு, முதுகில் தட்டினார், திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். மூச்சு வந்ததும் மளிகைக்கடைக்காரர் முதலில் சொன்னது, "ஆள் இருக்காருங்க. பிடி பலமா இருக்கு," என்பதுதான். சகலை உள்ளே போய் இன்னொரு இலை போடச் சொன்னார்.

மனைவி ஒரு தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஏணியில் ஏறி அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். மடித்து வைத்திருந்த வாய் விரிந்து, அவள் சத்தமாகச் சிரித்தாள். மணமக்கள், சொந்தபந்தம் எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்று மணப்பெண் கத்தினாள். அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் முகத்தை மட்டும் திருப்பினார். அந்தப் படத்தில் அவர் தெளிவாக விழுந்திருக்கிறார். ஆறு மணிக்குக் கடல் எழுந்தது, மண்டபத்துப் புல்வெளியில் மூன்று கூடை மீனை விட்டுவிட்டுப் பின்சாலை வழியாக நடந்தது, குப்பை லாரி அதன் பின்னாலேயே போனது.

விசில்காரர் இன்னும் ஆண்டுதோறும் விடுப்புக்கு எழுதிப்போடுகிறார், இன்னும் அதே பதில்தான் வருகிறது. செவ்வாய்க்கிழமை மாலை மனைவி நாற்காலிக்குக் கீழே வந்து நின்று எங்கே போகலாம் என்று சொல்லுவாள், அவர் கடலிடம் சொல்லுவார். வரும் புதன்கிழமை கடல், மளிகைக்கடைக்காரரின் கல்யாணத்துக்குப் போகிறது. அவருக்கு வேறு இடத்தில் பெண் அமைந்துவிட்டது. எலுமிச்சை விலை இறங்கியிருக்கிறது.