நாற்பத்திரண்டு நாள் மாத்திரை

"நிறுத்துண்ணே! நிறுத்து! கீழ ஆள் நிக்குது!"

கிரேனுக்குச் சைகை சொல்லும் 'விசில்' என்கிற பையன் வயர்லெஸ்ஸில் அலறியபோது, இரண்டு டன் கம்பிக்கட்டு பதினான்காவது மாடித் தளத்துக்கு ஆள் உயரத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. கிரேன் ஓட்டும் உச்சாணி, லிவரை வெடுக்கென்று நடுவுக்கு இழுத்தார். கட்டு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கை நின்றபாடில்லை. பற்கள் தந்தியடித்தன. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, கண்ணாடிக் கூண்டுக்குள் அவருக்கு மட்டும் குளிர் ஜுரம்.

அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. காலையிலிருந்து ஐந்து முறை கூண்டின் மூலையிலிருந்த பாட்டிலை எடுத்துவிட்டார். முதல் மூன்று முறை சொட்டுச் சொட்டாக, அதுவும் நெருப்பை ஊற்றினாற்போல். கடைசி இரண்டு முறை அதுவும் இல்லை. முட்டிக்கொண்டு வருகிறது; வரமாட்டேன் என்கிறது.

"என்னண்ணே, மேல தூக்கமா? ஆளை ஒதுக்கிட்டேன். இறக்கு."

"விசிலு, இத இறக்கிட்டு நான் கீழ வரேன்."

"இப்பவா? இன்னும் ஆறு கட்டு கெடக்கே! இன்ஜினியர் என் தோல உரிச்சு உப்பு தடவிருவாரு."

"வரேன்னு சொன்னேன்ல!"

டவர் கிரேன் ஓட்டுகிறவன் பகலில் இறங்குவது என்பது அந்தத் தொழிலில் நடக்காத காரியம். முந்நூற்றுப் பன்னிரண்டு ஏணிப்படி. இறங்க இருபது நிமிடம், ஏற அரை மணி நேரம். அதுவரை கீழே எண்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் கிரேன்காரர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு குடம். நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் கிடையாது. வந்தாலும் அடக்கு. பாட்டிலை எடுப்பதே கத்துக்குட்டிகளின் வேலை. உச்சாணி இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட வேலை நேரத்தில் இறங்கியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்ததில், "உனக்கு இருக்கறது மூத்திரப்பையாண்ணே, மேல்நிலைத் தொட்டியா?" என்று தளத்தில் ஒரு நிரந்தரக் கேலியே உண்டு. உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பதால் வந்த பட்டப்பெயர், சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான் பேர்.

கம்பிக்கட்டை விரற்கடை விரற்கடையாக இறக்கினார். கொக்கி விடுபட்டது. பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஆசனவாய்க்கும் விதைக்கும் நடுவே யாரோ ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்கள். கடைசிப் படிக்கு மூன்று படி முன்னால் கை நழுவியது. விசில்தான் தாங்கிப் பிடித்தான்.

ஆஸ்பத்திரி ஞாபகம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. ரகசியம் சொன்னாலும் ரெண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில் ஒரு டாக்டர். "கீழ்வழியா குழாய் விடாதீங்க, வீக்கம் தாங்காது!" அடிவயிற்றில் ஊசி, பிறகு சின்னதாக ஒரு துளை, அதன் வழியே குழாய், குழாய் முனையில் ஒரு பை. பை நிறைந்துகொண்டே போனபோது, வலி இறங்கிய சுகத்தில் அவருக்கு அழுகை வந்தது. வாசலில் மனைவி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. ஜுரம் கண்ணை இழுத்து மூடிவிட்டது.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி, நாற்பத்திரண்டு நாள் மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது, தண்ணீர் நிறைய. அவ்வளவுதான் அவர் காதில் ஏறியது.

வினை வந்தது மச்சினன் உருவத்தில். மனைவியின் தம்பி மருந்துக்கடையில் பதினோரு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். டாக்டருக்குப் படித்தவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்பது அவன் எண்ணம். சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தான். பார்வை மாமனின் முகத்துக்கு வந்து, இடுப்புக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு வந்தது.

"என்ன மாமா, இத்தனை நாளைக்கு எழுதியிருக்கு?"

"அந்தச் சுரப்பில ஏதோ வீக்கமாம்."

"வீக்கமாம்!" மச்சினன் சிரித்தான். "இந்த மாத்திரை எங்க கடைல எதுக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா? போகக்கூடாத எடத்துக்குப் போயிட்டு வர்றவன்தான் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இதை வாங்குவான். அம்பத்தொரு வயசுல உனக்கு ஏன் மாமா இந்த வேலை?"

"டேய், வாயக் கழுவு!"

"நான் எதுக்குக் கழுவணும்? நீதான் கழுவணும்."

வேலைக்குப் போகும் மகள் கூடத்தில்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையிலிருந்த கரண்டியிலிருந்து ஏதோ சொட்டியது.

அன்று சாயங்காலமே மனைவியின் தலையணையும் தையல் மிஷினும் பக்கத்து அறைக்குப் போயின.

உச்சாணி வயிற்றில் குழாயோடு, பையைக் கையில் பிடித்தபடி அந்த அறை வாசலில் போய் நின்றார். "சத்தியமா அப்படி எதுவும் இல்ல. உன் தம்பி உளர்றான்."

அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஏதாவது கேட்டேனா?"

அதுதான் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் அதட்டியிருக்கலாம். அதட்டல் அவருக்குக் கைவந்த கலை. வீட்டிலும் அவர் பேச்சு வயர்லெஸ் பேச்சுதான்: கொண்டா, எடு, நிறுத்து, போதும். நாள் முழுக்கக் காதில் இரைச்சல் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தம் ஆகாது என்று, அவர் காலடி கேட்டதும் ரேடியோ அணையும். இருபத்து நாலு வருடமாக அப்படித்தான். இப்போது அவர் வீட்டிலேயே கிடக்கும்போதும் பக்கத்து அறையில் ரேடியோ பாடியது. சில சமயம் கூடச் சேர்ந்து ஒரு முணுமுணுப்பும். என்ன நெஞ்சழுத்தம், புருஷனைத் தண்டிக்கிறாளாம், பாட்டுக் கேட்டு! உச்சாணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

குளியலறையில் அவருக்கென்று தனியாக ஒரு சோப்பு முளைத்தது. வைத்தது மகள் என்று தெரியும். அவர் துணி தனி வாளியில் ஊறியது. வாரக் கடைசியில் மச்சினன் வந்து, அவர் உட்கார்ந்த நாற்காலியில் தினத்தாளை விரித்துவிட்டு உட்கார்ந்தான். செய்யாத தப்புக்குப் படுகிற அவமானத்துக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு. செய்தவனுக்காவது செய்த சுகம் மிச்சம். இவருக்கு அதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் சாட்சி போல மாத்திரை அட்டை மேசையில் கிடந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொரு முறை அட்டையைப் பிதுக்கும்போதும் அந்தச் சின்ன 'டப்' சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. 'இன்னும் அந்த வியாதி இருக்கிறது' என்று தண்டோரா போட்டது. பதின்மூன்றாம் நாள் குழாயை எடுத்தாகிவிட்டது, ஜுரம் இல்லை, தாராளமாகப் போகிறது. உச்சாணி யோசித்தார். மிச்ச அட்டைகளை எல்லாம் ஒரு காகிதத்தில் சுற்றி, வேலைக்குப் போகும் வழியில் குப்பைத்தொட்டியில் போட்டார். மாத்திரை கண்ணில் படாவிட்டால் பழியும் மறந்துபோகும் என்று கணக்கு.

பழியை யாரும் மறக்கவில்லை. கிருமியும் மறக்கவில்லை.

ஒன்பதாவது வாரம் எரிச்சல் திரும்பியது. கூண்டில் உட்கார முடியவில்லை. பந்து ஒன்றின்மேல் உட்கார்ந்தாற்போல் இருந்தது. சாயங்காலம் லேசாக உடம்பு சுட்டது. விநோதம் என்னவென்றால், உச்சாணிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மறுபடி டாக்டரிடம் போகலாம். அந்த ஒலிபெருக்கி வாயால், இவள் காது கேட்க, உண்மை வெளியே வரட்டும்.

"நாளைக்கு நீயும் வர்ற."

"நான் எதுக்கு? அம்பது ஜாக்கெட் பட்டன் கட்டாம கெடக்கு."

"கெடக்கட்டும். டாக்டர் சொல்றத நீ கேக்கணும்."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. பயந்துவிட்டாள் என்று உச்சாணி நினைத்தார். ஒன்பது வாரம் ஒரு நிரபராதியை ஒதுக்கிவைத்தது அம்பலமாகிவிடுமே! பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் சொல்லப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். முதலில் திட்டக்கூடாது. கொஞ்சம் சிரிக்க வேண்டும். பிறகு, "பரவால்ல விடு, உன் தம்பி பேச்சக் கேட்டு ஏமாந்துட்ட" என்று பெருந்தன்மையாக. மச்சினனுக்குத்தான் இருக்கிறது மண்டகப்படி.

டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். "எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"பதிமூணு."

"நான் எழுதுனது?"

"நாப்பத்திரண்டு."

"மிச்சம் இருபத்தொம்பது நாளைக்குக் கிருமிக்கு லீவு குடுத்தீங்களாக்கும்!" கதவுக்கு வெளியே யாரோ சிரித்தது கேட்டது. "இந்தா பாருங்க. மூத்திரப்பைக்குக் கீழ, பெரிய நெல்லிக்காய் அளவு ஒரு சுரப்பி. மூத்திரம் போற பாதை அதுக்கு ஊடாலதான் போகுது. அது வீங்குனா பாதை நசுங்கும். அதுக்குள்ள மருந்து இறங்கறதே கஷ்டம். ஜுரம் போயிரும், வலி போயிரும், கிருமி மட்டும் உள்ள குத்த வெச்சு உக்காந்திருக்கும். அதனாலதான் ஆறு வாரம். இப்ப மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க. தண்ணி குடிங்க. வந்தா போங்க. அடக்கறது வீரம் இல்ல."

"சரிங்க டாக்டர்." உச்சாணி நாற்காலியில் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் இவ முன்னாடி நீங்க சொல்லணும். இது... வேற சகவாசத்தால வந்த வியாதியா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். முகத்தில் குழப்பம்.

"இதத்தான் அன்னிக்கே அம்மா கேட்டாங்களே?"

உச்சாணிக்குப் புரியவில்லை.

"உங்களைச் சேர்த்த அன்னிக்கு. உங்களுக்கு ஜுரத்துல நெனவே இல்ல. வராண்டாவுல வெச்சு இவங்களுக்குப் படமே போட்டுக் காட்டுனேன். 'வேற பொம்பளையால வந்ததா'ன்னு கேட்டாங்க. இல்லம்மா, பாத்தா அப்படித் தெரியல, டெஸ்ட் வந்தா நிச்சயமா சொல்றேன்னேன். மூணாவது நாள் டெஸ்ட் வந்துச்சு. சாதாரண குடல் கிருமி. எல்லார் வயித்துலயும் இருக்கறது, வழி தவறி மேல ஏறியிருக்கு. அந்தப் பேப்பரை வாங்கிட்டுப் போனதே இவங்கதான். அன்னிக்கும் இன்னொரு தடவ கேட்டாங்க, 'நிச்சயமா டாக்டர்?'னு." டாக்டர் பேனாவை மூடினார். "ஏன், அம்மா சொல்லலையா?"

அவள் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் இடம். ஒத்திகை பார்த்து வைத்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டபடி கடந்துபோகும்வரை உச்சாணி காத்திருந்தார்.

"மொதல் வாரத்துலேருந்தே தெரியும் உனக்கு."

"ம்."

"உன் தம்பி என்னை நாய் மாதிரி பேசினான். தெரிஞ்சுகிட்டே நின்னுட்டிருந்த. பெத்த பொண்ணு எனக்குத் தனி சோப்பு வெச்சா. ஒரு வார்த்தை... ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா போதாதாடி?"

"சொல்லியிருந்தா நான் திரும்ப அந்த ரூமுக்கு வரணும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. தையல்கூலி சொல்கிற குரல் அது.

"அப்படி நான் என்னடி செஞ்சேன்? அடிச்சேனா? குடிச்சேனா? எவ கூடயாவது போனேனா?"

"இல்ல." அவள் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். "அதான் கஷ்டம். அடிச்சார், குடிச்சார்னா சொல்லிக்க ஒரு காரணம் இருக்கும். என்னைப் பாத்து எல்லாரும், உனக்கென்னடி கொறைன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்வேன்? இருபத்து நாலு வருஷமா இந்த மனுஷன் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்லைன்னா? சிரிக்க மாட்டாங்க?"

உச்சாணி வாயைத் திறந்தார். உண்மையாகவே கேட்க ஒரு கேள்வியைத் தேடினார். அகப்படவில்லை.

"அந்த டெஸ்ட் பேப்பர் வாங்க வந்தேன்ல, அன்னிக்கு ரெண்டாவது தடவ ஏன் கேட்டேன் தெரியுமா?" அவள் முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "துணிமணியெல்லாம் ஒரு பையில கட்டி, கடைசி வீட்டு அக்காகிட்ட குடுத்து வெச்சுட்டுத்தான் வந்திருந்தேன். டாக்டர் 'ஆமா'ன்னு மட்டும் சொல்லட்டும்னு அத்தனை சாமியையும் வேண்டிக்கிட்டு வந்தேன். சொல்லியிருந்தா அப்படியே போயிருப்பேன். ஏன் போறேன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தாள். அவர் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டு, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் திணித்தாள். "புதுசா டெஸ்ட் குடுக்கணும். பாத்ரூம் அந்தப் பக்கம் கடைசி. நிறைய வேணாம், பாதி இருந்தாப் போதும்."

உச்சாணி எழுந்தார். டப்பாவில் காற்றைவிடக் கனமாக எதுவும் இல்லை. கைதான் தாழ்ந்து தாழ்ந்து போயிற்று. அந்தப் பக்கம் போக அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் காலை மடக்கி வழி விட்டாள்.