பாலிஷ் தூள்

ஊருக்கே பல் செய்து கொடுப்பவர் அவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் முப்பது வருஷத் தொழில். வீட்டின் முன்னறையே பட்டறை. பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பல்லுக்காரர் என்றால் தெருமுனையிலேயே வழி காட்டிவிடுவார்கள்.

கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதிலேயே மனைவிக்கு மஞ்சக்கிழங்கு என்று பெயர் வைத்துவிட்டார். அவள் பற்கள் லேசான மஞ்சள். ஆனால் ஒரு சொத்தை கிடையாது, ஓர் ஆட்டம் கிடையாது. சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே கடித்துத் திறந்துவிடுவாள். சிலருக்குப் பல்லின் இயல்பான நிறமே அதுதான், அது நோயுமல்ல அழுக்குமல்ல என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"ஊருக்கெல்லாம் முத்து முத்தா செஞ்சு கொடுக்கிறேன். எனக்குன்னு வாய்ச்சது பாருங்க, மஞ்சக்கிழங்கு" என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடம். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பட்டறையில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் உண்டு. கல்லை மாவாக அரைத்தது. அதை ஈரமாக்கிச் சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் செய்த பல் கண்ணாடி போல மின்னும். மாதத்துக்கு ஒரு டப்பா போதும். ஆனால் எப்போதும் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோகும். டப்பாவில் குறைத்துப் போடுகிறான் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றாரே தவிர, அவர் புத்தி வேறு பக்கம் போகவில்லை.

ஒரு நாள் அவள் முகம் வீங்கி, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் தவித்தாள். அவருக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் டாக்டரம்மாவிடமே கூட்டிப்போனார். அவள் வாயைப் பார்த்த டாக்டர், வெளியே உட்கார்ந்திருந்தவரை உள்ளே அழைத்தார்.

"அண்ணா, இவங்க எத வெச்சுப் பல் தேய்க்கிறாங்க?"

"எல்லாரும் தேய்க்கிற பேஸ்ட்தாம்மா."

"இல்லண்ணா. பல்லு மேல இருக்கிற பூச்சு சுத்தமா போயிடுச்சு. அரம் வெச்சு ராவின மாதிரி இருக்கு. நரம்பு வரைக்கும் போய் சீழ் வெச்சிருக்கு. மேல் வரிசையில ஒண்ணுகூடத் தேறாது."

அவள் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாள். "உங்க பட்டறைத் தூள்தாங்க."

அவருக்குப் புரியவில்லை.

"அதப் போட்டாத்தானே நீங்க செய்யுற பல்லு பளபளன்னு வருது. நானும் எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விட்டு தெனம் தேய்ச்சேன். என்னமோ தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் கூடுச்சு. சரியாத் தேய்க்கலையோன்னு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன்."

"எத்தன நாளா?" என்றார் டாக்டர்.

"பெரியவ பொறந்ததுல இருந்து."

பெரிய மகளுக்கு இருபத்தாறு நடக்கிறது. பல்லுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேல் பூச்சு தேயத் தேய, அடியில் இருக்கும் மஞ்சள்தான் தெரியும். மஞ்சள் கூடியதைப் பார்த்து அவர் கிண்டலைக் கூட்டினார். கிண்டலைக் கேட்டு அவள் தேய்ப்பதைக் கூட்டினாள். ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம் இதுதான் நடந்திருக்கிறது. டாக்டரின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேல் வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. கஞ்சியும் குழைந்த சோறுமாக அவள் பாதியாக இளைத்துப்போனாள். அவர் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அவளுக்கான செட்டில் உட்கார்ந்தார். அவள் கல்யாணமாகி வந்தபோது இருந்த அதே நிறம் வேண்டும் அவருக்கு. பார்த்துச் செய்யப் போட்டோ தேவைப்படவில்லை. பழிப்பதற்காகவே பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துபோன நிறம். இரண்டு முறை சரிவராமல் பிரித்து, மூன்றாவது முறை அச்சு அசலாகக் கொண்டுவந்தார்.

காலையில் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார். அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, வெள்ளையில செய்யலையா?"

"இதாம்மா உன்னோட நிறம். நீ வந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. ஒரு கொறை கிடையாது அதுல. எத்தனையோ பேர் வாயப் பார்த்தாச்சு, இந்த மாதிரி பல்லு நான் பார்த்ததே இல்ல."

அவள் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என் பல்லு என் வாயிலயே இருந்திருக்குமேங்க."

அவள் செட்டைக் கழற்றி, குழாயில் அலசி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெள்ளையிலயே செஞ்சு கொடுங்க. அதுக்காகத்தானே இவ்வளவும்."

பட்டறைக்குப் போய், இருப்பதிலேயே வெள்ளையான பற்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். மத்தியானம் அவள் சாப்பிடக் கூப்பிட வந்தபோதும் அவை அப்படியே இருந்தன.